மதிலடியில் வைத்த கொப்பி

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையில் நீளமான மதில் ஒன்று உண்டு. அதற்கு வெள்ளை அடித்து, யாரும் வந்து மனதில் உள்ளதை எழுதலாம், கீறலாம் என்று அறிவித்தோம். நாங்கள் என்றால் நானும், ஓவியம் படிப்பிக்கும் என் சிநேகிதியும். எழுதியதை ஒருவரும் அழிக்கக்கூடாது என்பது மட்டும்தான் சட்டம்.

அந்தச் சுதந்திர மதிலடியில் மேசை போட்டுப் பதிவுக் கொப்பி வைத்தது நான்தான். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் என்று அடிமட்டத்தால் கோடும் கீறியிருந்தேன்.

"இது மதிலோ, பொலிஸ் ஸ்டேசனோ?" என்று சிநேகிதி கேட்டாள்.

"சும்மா, ஒரு ஒழுங்குக்கு" என்றேன். உண்மையில் நான் யோசிக்கவேயில்லை. யுத்த காலத்தில் வீட்டுக்கு வந்து தங்கும் சித்தப்பாவைக்கூடப் பொலிஸில் பதிந்து பழகிய கை. வந்தவர்களும் ஏனென்று கேட்கவில்லை. வரிசையில் நின்று இலக்கம் எழுதிவிட்டுத்தான் தூரிகையைத் தொட்டார்கள். எங்களைத் திருத்தவே முடியாது.

மூன்றாம் நாள், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்த ஓர் அம்மா கொப்பியை நிரப்பிவிட்டு, மதிலின் நடுவில் கறுப்புப் பெயின்டால் எழுதினார்: 'கூட்டிக்கொண்டு போன என்ட மகன் எங்கே?' ஒழுங்கை போய்ச் சேரும் பெரிய தெருவான காலி வீதியில் நின்றாலே தெரியும் அளவுக்குப் பெரிய எழுத்து.

அடுத்த நாள் காலை சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து படம் எடுத்தார்கள். ஒருவர் அந்த வரியில் விரலை வைத்து, "மிஸ், கவுத மேக்க லிவ்வே?" என்றார். யார் எழுதினது என்று தெரியாது எனச் சிங்களத்தில் சொன்னேன். கொப்பி என் கைப்பைக்குள் இருந்தது. அந்த அம்மாவின் வீட்டு வாசல்வரைக்கும் வழி எழுதி வாங்கி வைத்திருக்கிறேனே, என் அழகான கோடுகளுக்குள். பின்னேரம் திரும்பி வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

எங்கள் வீட்டு மாடிக்கு ஓடினேன். கொப்பியைத் தாள் தாளாகக் கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, எழுத்துத் தெரியாமல் போகும்வரை பிசைந்தேன். பயத்தைவிட என் மேல்தான் கோபம். பயமில்லாமல் எழுதுங்கள் என்று ஆட்களைக் கூப்பிட்டு, அவர்களின் பட்டியலையும் எடுத்து வைத்த முட்டாள் நான்.

மத்தியானம், எழுதினது நிற்கிறதா என்று பார்க்க அந்த அம்மா வந்தார்.

"ஆரும் வந்து கேட்டவையே, பிள்ளை?"

"ஓம், ரெண்டு பேர் வந்தவை. பயப்பிடாதேங்கோ அம்மா. உங்கட பேர் இருந்த கொப்பியைக் கிழிச்சுப்போட்டன். இனி ஒருத்தரும் உங்களைத் தேடி வர ஏலாது."

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேசையடிக் கதிரையில் இருந்துவிட்டார்.

"ஏன் கிழிச்சனீங்கள்? மகனைத் தேடி எத்தனை அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கிட்டன். என்ட வீட்டுக்கு வந்து ஒரு சொல் கேட்ட ஆள் இல்லை. வரட்டும் எண்டுதான் விலாசத்தை வடிவா எழுதினனான்."

அவர் எழுந்து தூரிகையைக் கேட்டார். அந்த வரிக்குக் கீழே தன் பெயரை எழுதினார், பிறகு வீட்டு இலக்கத்தை, தெருவை, அடையாள அட்டை இலக்கத்தை. ஓர் எழுத்திலும் அவசரமில்லை. நான் பெயின்ட் டின்னைப் பிடித்தபடி, ஒழுங்கை முகப்பில் அவர்கள் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.