ஐந்து காயங்களுக்கு ஐந்து மூச்சு

கல்லடி ஊரில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைக்க வேண்டுமென்றால் செசீலியாவிடம்தான் போவார்கள். தவக்காலம் வந்துவிட்டால் அவளுக்கு இன்னொரு வேலையும் இருக்கும். பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவையிலிருந்து இறக்கிய இயேசு சுரூபத்தின் முன்னால் நின்று, மகனை இழந்த மாதாவின் புலம்பலைக் கோவிலில் பாடுவது அவள்தான். அந்தக் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு நீண்ட அடியானாலும் நடுவில் மூச்செடுக்காமல் ஒரே இழுப்பில் பாட வேண்டும். யார் விதித்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மூச்செடுத்துப் பாடியவளைச் சனம் வருடக்கணக்காகச் சொல்லிக் காட்டும்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சுச்சளி பிடித்து, இருமல் நெடுநாள் விடவில்லை. பிறகு டொக்டர் சோதித்துப் பார்த்து நெஞ்சு சுத்தம் என்றுதான் சொன்னார். ஆனாலும் இந்த வருடத்தின் முதல் ஒத்திகையிலேயே நீண்ட அடியின் நடுவில் மூச்சு முட்டிப் பாட்டு அறுந்தது. பாடகர் குழுவை நடத்தும் அலன் தலையைச் சொறிந்தான்.

“அக்கா, இந்தமுறை கொஞ்சம் ஓய்வா இருங்களன். டினோஷா பாடட்டும்.”

“ஏன் தம்பி, எனக்கு வயசு போயிற்றா?”

“அப்பிடிச் சொல்லல்லக்கா. சனம் முழங்கால்ல நிக்கக்குள்ள நீங்க இருமினா?”

“மாதாவுக்கும் சளி, தடிமன் எண்டு நினைப்பாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வங்கியில் வேலை செய்யும், குழுவின் இளைய பாடகி டினோஷா, குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அலன் இறங்கி வந்தான். பெரிய வெள்ளிக்கு முந்திய குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்ததும் செசீலியா பாடிக் காட்டட்டும், அதற்குப் பிறகு முடிவு சொல்வதாகச் சொன்னான்.

தன் மகளின் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த சர்மிலா ரீச்சர்தான் இதற்கு ஒரு வழி சொன்னாள். அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் படிப்பிப்பவள். பின்னேரங்களில் நாவற்குடாவில் யோகா வகுப்பும் நடத்துகிறாள். மெஷினை மிதித்தபடி செசீலியா புலம்பல் பாட்டை முணுமுணுத்ததைக் கவனித்துவிட்டு, “உங்கட பிரச்சினை தொண்டையில இல்லக்கா. வயித்தை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டெல்லோ பாடுறீங்க,” என்றாள்.

முதல் வகுப்பில் சுவரில் தொங்கிய படத்தைக் கண்டு செசீலியா தயங்கினாள். முதுகுத்தண்டு நெடுக ஏழு நிறத்தில் ஏழு பூக்கள்.

“ரீச்சர், சக்கரம் எண்டா சாமி காரியமா? நாங்க கிறிஸ்தவ வேதக்காரர்.”

“நானும் வேதக்காரிதான். மெதடிஸ்த கோவில்ல கேட்டுப் பாருங்க. வெட்டிப் பாத்தா உடம்புக்குள்ள ஒரு சக்கரமும் அம்பிடாது, லொறி டயர் மாதிரி ஒண்டும் சுத்திக்கொண்டு கிடக்காது. மனசைக் கொண்டுபோய் வைக்கிறதுக்கு அந்தக் காலத்து ஆக்கள் காட்டின இடங்கள் எண்டு நினைங்களன்.”

பிறகு சர்மிலா ஒவ்வொன்றாகக் காட்டினாள். முதுகுத்தண்டின் அடியில் மூலாதாரம். நிலையாக இருப்பது அங்கே. தொப்புளடியில் மணிபூரகம்; துணிவும் பயமும் அங்கே. நெஞ்சில் அநாகதம், தொண்டையில் விசுத்தி. விசுத்தி குரலுக்கு உரியது என்றதும் செசீலியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அதை மட்டும் திறந்து விடுங்க ரீச்சர், எனக்கு அது காணும், வேறொண்டும் வேணாம்,” என்றாள். வகுப்பே சிரித்தது. ஒன்றை மட்டும் திறக்கிற வேலை இல்லை, எல்லாம் ஒன்றுக்கொன்று சமமாக வர வேண்டும் என்றாள் சர்மிலா. கண்ணை மூடி, வயிறு எழும்ப மெதுவாக மூச்சை எடுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். பிறகு ஒரு மூக்குத் துவாரத்தால் எடுத்து மற்றதால் விட வேண்டும். பாடம் அவ்வளவுதான்.

செசீலியாவுக்கு அது போதவில்லை. தவக்காலத்தில் அவள் இறைச்சி தொடமாட்டாள், தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டாள். எதைச் செய்தாலும் அது உடலை வருத்தும் ஒறுத்தலாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து தன்பாட்டில் ஒரு முறையை உண்டாக்கினாள். இயேசுவின் ஐந்து காயங்களுக்கும் ஒவ்வொரு மூச்சாக, கண் இருளும்வரை பிடித்து வைத்து ஒப்புக்கொடுத்தாள்.

“என்னகா இது, ஊதின பலூன் மாதிரி?” ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த அவள் புருஷன் றோய் கேட்டான். “விடு மூச்சை. வெடிச்சுக் கிடிச்சுப் போயிருவாய்.”

அடுத்த ஒத்திகைக்கு அவள் வெறும் வயிற்றோடு போனாள். பாடத் தொடங்குமுன் ஐந்து காயங்களையும் நினைத்து மூச்சை அடக்கினாள். மூன்றாவது காயத்தில் மயங்கி, கோவில் வாங்கில் பலகையோடு சரிந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பியபோது, அலன் டினோஷாவிடம் பாட்டுத் தாளைக் கொடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டாள்.

நடந்ததைக் கேட்ட சர்மிலாவுக்குக் கோபம் வந்தது.

“மூச்சைப் பிடிக்கச் சொல்லி நான் சொன்னனா?”

“இல்ல ரீச்சர். நீங்க சொன்னது லேசாக் கிடந்த. லேசானதை எப்பிடி ஆண்டவருக்குக் குடுக்கிற?”

சர்மிலா பாயைச் சுருட்டினாள், திரும்ப விரித்தாள்.

“பிடிச்சு வைக்கிறதைக் குடுக்காதீங்க. விடுறதைக் குடுங்களன்,” என்றாள்.

அதன் பிறகு செசீலியா காலையில் மெஷினில் உட்காருமுன் தரையில் கிடந்து, வயிற்றில் கையை வைத்துக்கொள்வாள். ஆற்றுப் பக்கக் காற்று யன்னலால் வரும். அவள் மூச்சை விட்டுக்கொண்டே இருப்பாள். தன் வயிறு எத்தனை காலமாகக் கல்லாக இருந்திருக்கிறது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒருநாள் மனதைத் தொப்புளடியில் வைத்திருந்தபோது, அங்கே கிடந்தது என்னவென்று விளங்கியது. டினோஷா தன்னைவிட நன்றாகப் பாடிவிடுவாளோ என்ற பயம். அவள் பாட்டும் நடுவில் அறுந்தால் நல்லது என்ற ஆசை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே மூச்சை விட்டாள். ஒரே நாளில் எதுவும் போய்விடவில்லை. ஆனால் கை வைத்த இடம் கொஞ்சம் இளகியது.

குருத்தோலை ஞாயிறு வந்தது. பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு அலனுக்கும் டினோஷாவுக்கும் முன்னால் நின்று பாடினாள். நீண்ட அடி வந்தது. பாதியில் மூச்சு முடிந்தது. வழக்கமாக அந்த இடத்தில் தொண்டையை நெரித்துத் தள்ளுவாள். இன்றைக்குத் தள்ளவில்லை. நிறுத்தினாள். எல்லாருக்கும் கேட்க, வயிறு நிறைய மூச்செடுத்தாள். மீதியைப் பாடினாள். அதன் பிறகு பாட்டு அறுபடாமல் கடைசிவரை போனது.

“நடுவில மூச்செடுத்திட்டீங்கக்கா,” என்றான் அலன்.

“ஓம், எடுத்தன். பிள்ளையைப் பறிகுடுத்தவள் மூச்செடுக்காமலா அழுதிருப்பாள்?”

“பெரியாக்கள் கேட்டா?”

“என்னைக் கேக்கச் சொல்லு.”

டினோஷா மெல்ல வாயைத் திறந்தாள். “எனக்கும் அந்த அடிக்கு மூச்சுக் காணாதக்கா. சொல்லப் பயந்துகொண்டிருந்தன்.”

அலன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்ப ரெண்டு பேரும் பாடுங்க. மூச்சையும் எடுங்க. ஏச்சை நான் வாங்கிறன்.”

பெரிய வெள்ளியன்று செசீலியாவின் குரல் முன்னைப்போல ஓங்கவில்லை. ஆனால் நிதானமாக நின்றது. தன் பங்கை முடித்துவிட்டு ஓரமாக விலகி நின்றாள். டினோஷா முன்னுக்கு வந்து நீண்ட அடியைத் தொடங்கினாள். செசீலியா வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இறுக்கம் இல்லை. இந்தப் பிள்ளை நன்றாகப் பாட வேண்டும் என்று அவள் முழு மனதோடு விரும்பினாள்.