நெற்றியைத் தேடிய பொட்டு

சத்யபிரியா செய்தி வாசிப்பவள். அருப்புக்கோட்டையில் கேபிளில் மட்டும் வரும் கம்மாய் டிவியில் மாலை ஏழு மணிக்கு அவள் முகம் தெரியும். ஊர் திருச்சுழிப் பக்கம். அவளுடைய அம்மா பேச்சி, அடுத்தவர் காட்டில் மிளகாய் பறித்தும் பருத்தி எடுத்தும் அவளைக் கல்லூரி வரை படிக்க வைத்தாள். அந்த ஸ்டுடியோவைக் கூட்டித் துடைப்பதும், வாசிக்க உட்காருகிறவர்களுக்குப் பவுடர் போட்டுச் சேலையைப் பின் குத்தி விடுவதும் என் வேலை. அதனால் அந்த முகத்தை அவளைவிட நான்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நல்ல முகம். அதைவிட நல்ல குரல். நரிக்குடியில் கண்மாய் உடைந்தது என்று அவள் வாசித்தால், கேட்கிறவனுக்குத் தன் வயலில் தண்ணீர் ஏறுவது போல இருக்கும்.

போன வருஷம் பேச்சிக்கு நெஞ்சில் கட்டி வந்து, ஆபரேஷனில் பிழைத்தாள். அப்போது பந்தல்குடியில் ஒரு ஜெபக்கூடத்தில், முன்பின் தெரியாதவர்கள் அவளுக்காக முழங்கால் போட்டு ஜெபித்தார்களாம். தாயும் மகளும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை நான் ஸ்டிக்கர் பொட்டை எடுத்தபோது, "வேணாங்க்கா, இனிமே வைக்கிறதில்ல" என்றாள். நானும் வைக்கவில்லை.

ஒரு வாரம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஊரும் அதனால் மூழ்கிவிடவில்லை. பிறகு, விளம்பரம் தருகிற நகைக்கடைக்காரர் முதலாளி உக்கிரபாண்டிக்குப் போன் போட்டார்.

உக்கிரபாண்டி நல்லவர். அதை அவரே சொல்லுவார். அவர் அறைச் சுவரில் பிள்ளையார், மாதா, மக்கா மூன்றும் ஒரே சட்டத்துக்குள் இருக்கும். வருகிறவர்களிடம் கண்ணாடியைத் தட்டிக் காட்டி, "நமக்கு எம்மதமும் சம்மதம்" என்பார். அந்தப் படத்துக்கு அடியில் நிறுத்தித்தான் அவளைக் கேட்டார்.

"என்னம்மா, நெத்தி தரிசாக் கெடக்கு?"

"நாங்க இப்ப பொட்டு வைக்கிறதில்ல சார்."

"போன வாரம் வரைக்கும் வச்சவதான நீ. சாமிய மாத்துறது உன் இஷ்டம். அத என் டிவியில வந்து மாத்தாத. வெறும் நெத்தியப் பாத்துட்டு எவன் நகை வாங்க வருவான்?"

"வாசிக்கிறதுல கொறை இருக்கா சார்?"

"கொறை வாயில இல்லம்மா. நெத்தியில."

மறுநாள் அந்த நாற்காலியில் அவருடைய மச்சினர் மகள் கிருஷ்ணப்ரியா உட்கார்ந்தாள். பெரிய பொட்டு, அதற்குமேல் சந்தனக் கீற்று. லாரி கவிழ்ந்து இருவர் இறந்த செய்தியைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே வாசித்தாள். நகைக்கடைக்காரருக்குத் திருப்தி. சத்யபிரியாவுக்குக் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கும் வேலை. "செத்தவுக பொட்டுப் பாக்க மாட்டாக" என்று உக்கிரபாண்டி விளக்கம் வேறு சொன்னார். எதிரே இருந்தவர்கள் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிற இடத்தில் சிரிப்பும் வேலைதான்.

அவள் அழவில்லை. "எனக்கு அந்த நாற்காலி வேணும்க்கா" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். பிறகு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய், மதத்தைக் காட்டித் தன்னை ஒதுக்குகிறார்கள் என்று புகார் கொடுத்துவிட்டு வந்தாள்.

விசாரணைக்கு ஆபீசர் வருகிறார் என்று தெரிந்ததும் உக்கிரபாண்டிக்கு வேர்த்தது. "மூணு சாமிய மாட்டி வச்சிருக்கிற என் மேலயா?" என்று சுவரிடம் கேட்டார். உடனே அவளைக் கூப்பிட்டு, "பழச விடும்மா. இன்னைக்கு நீயே வாசி. பொட்டெல்லாம் வேணாம்" என்றார். அவளும் நம்பி, மத்தியானம் வாசித்துப் பதிவு செய்துவிட்டு பஸ் ஏறினாள்.

அவள் போனதும் எடிட்டிங் பார்க்கிற மதன்குமாரை அழைத்தார்.

"ஏலே மதனு, கம்ப்யூட்டர்ல அவளுக்கு ஒரு பொட்ட வச்சு விடு. ஆபீசருக்கு அவளே வாசிச்ச மாதிரியும் ஆச்சு, கடைக்காரருக்குப் பொட்டு வச்ச மாதிரியும் ஆச்சு."

"அவ தலைய ஆட்டி ஆட்டி வாசிப்பாளே அண்ணாச்சி."

"பொட்டு என்னைக்குடா நெத்திய விட்டு எறங்கியிருக்கு? வையிடா."

மதன் வைத்தான். வைத்த இடத்தில் அது நின்றது. அவள்தான் நிற்கவில்லை. தாளைப் பார்க்கக் குனிந்தபோது பொட்டு உச்சி வகிட்டில் ஏறியது. நிமிர்ந்தபோது மூக்குக்கு வந்தது. காரியாபட்டிச் சந்தை நிலவரம் சொல்லத் தலையைத் திருப்பினாள். பொட்டு தனியே காற்றில் தொங்கியது. ஏழு மணிக்கு ஊரே பார்த்தது. கீழே டீக்கடையில் ஒருவன், "ஏலே, அந்தப் புள்ள மூஞ்சிக்கு முன்னால செவப்பா வண்டு பறக்குதுடா" என்றான்.

"வண்டு இல்லலே, பொட்டு. நெத்தியத் தேடுது."

மறுநாள் உக்கிரபாண்டி யாரைத் திட்டினார் தெரியுமா? அவளை. "கொஞ்சம் ஆடாம வாசிச்சா என்னம்மா?"

அவர் முடிப்பதற்குள் ஆபீசர் வந்துவிட்டார். ஒரு பெண். முந்தின நாள் செய்தியைப் போடச் சொல்லிக் கடைசி வரை பார்த்தார்.

"பொட்டு வைக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையா?"

"சத்தியமா இல்ல மேடம்."

"அப்ப இது என்ன?"

"அது தூசி மேடம். கேமராவுல."

"செவப்புத் தூசியா?"

"எங்க பக்கமெல்லாம் செவக்காடு மேடம்."

எங்கள் பக்கம் பெரும்பாலும் கரிசல். மதன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆபீசர் சிரிக்கவில்லை. "இந்தப் பொண்ணு இன்னையிலிருந்து வாசிக்கட்டும். ஏழு மணிக்கு நானும் பாப்பேன். இல்லைன்னா தூசியையும் சேத்து எழுதி மேல அனுப்பிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதாவது மனிதர் அடங்குவார் என்று நினைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் சேலை மடிப்பைச் சரி செய்துவிட்டு நிமிர்ந்தால், பக்கத்துத் திரையில் அவளுக்குப் புருவத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. முதலாளி சொல்லி மதன் கேமராவை இறக்கி வைத்திருந்தான். அவளும் பார்த்தாள்.

"ஏன் மதன், எனக்கு நெத்தி கெடையாதா?"

மதன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற உக்கிரபாண்டியைப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்தார்.

சத்யபிரியா நாற்காலிக்கு அடியில் கைவிட்டுப் பிடியை இழுத்தாள். நாற்காலி புஸ்ஸென்று இறங்கியது. மேசை அவள் கழுத்து வரை வந்தது. நான் குத்திய மடிப்பெல்லாம் மறைந்துபோய், மேசைமேல் வைத்த பூசணிக்காய் போலத் தலை மட்டும் இருந்தது. ஆனால் திரையில் நெற்றி முழுசாகத் தெரிந்தது.

"இதென்னம்மா கூத்து? ஏறி உக்காரு" என்றார் உக்கிரபாண்டி.

"கேமரா ஏறட்டும் சார். நானும் ஏறுறேன்."

"இப்படியேவா வாசிப்ப?"

"வாசிப்பேன் சார். மேடம் பாப்பாக."

அவர் பல்லைக் கடித்தார். பிறகு மதனிடம், "தூக்கித் தொலடா" என்றார்.

மதன் கேமராவை மெல்ல ஏற்றினான். அவளும் எழும்பி எழும்பி நாற்காலியை அதோடு ஏற்றினாள். நெற்றி திரையை விட்டு ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.