மாமன் மடியும் ஓநாய்க் குட்டியும்

கருப்பு அட்டை. நடுவில் இரண்டு மஞ்சள் கண்கள். அதற்குக் கீழே தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண். இரண்டாயிரங்களின் நடுவில், நான் பி.யூ.சி. இரண்டாம் வருடம், அதாவது பிளஸ் டூ, படித்தபோது, எங்கள் வகுப்பில் இந்த ஆங்கில நாவல் கை மாறிக்கொண்டே இருந்தது. படித்து முடித்தவள் ஒவ்வொருத்தியும் மந்திரித்துவிட்ட மாதிரி திரிவாள். ஓநாயாக மாறுகிற ஒரு பையன், அவனைக் காதலிக்கிற ஒரு பெண், சுற்றிலும் பனிக்காடு. டிசம்பரில் ஸ்வெட்டர் போட்டதோடு சரி, பனியைப் பற்றி எங்களில் ஒருத்திக்கும் எதுவும் தெரியாது. ஆனாலும் எல்லோருக்கும் அந்த ஓநாய் வேண்டியிருந்தது.

என் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து படித்தேன். கதை சுகமாகத்தான் போனது. பாதியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த ஓநாய்க் கூட்டத்தில் ஒரு வழக்கம். ஊரில் பெண் குழந்தை பிறந்ததும் கூட்டத்துப் பெரியவர்கள் அதைக் கொண்டுவந்து ஓநாய்க் குட்டிகளின் நடுவில் வைப்பார்கள். எந்தக் குட்டி ஊளையிடுகிறதோ, அதற்குத்தான் அந்தப் பெண். அப்புறம் பேச்சே கிடையாது. அவள் வளரும்வரை அவன் காவல் காப்பான். வளர்ந்ததும் அவனுக்குக் கட்டிக் கொடுப்பார்கள். இதற்குத்தான் எங்கள் வகுப்பே உருகிக்கொண்டிருந்தது. எனக்கோ இது எங்கள் வீட்டுக் கதை.

ஆனேக்கல்லில் இருந்த என் தாய்மாமா, அம்மாவின் ஒரே தம்பி, என்னைவிட ஒன்பது வயது பெரியவர். நான் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் என்னைத் துணியில் சுற்றி அவர் மடியில் வைத்து, "இந்தாடா, உன் பொண்டாட்டி" என்று சொன்னார்களாம். அவர் ஓவென்று அழுதாராம். பையனுக்கு அப்போதே வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்களாம். எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இலை போடுவதற்கு முன்பே இந்தக் கதை வந்துவிடும். அதே மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். நான் பெரியவளானபோது பச்சை ஓலைக் குடிசை கட்டியதும், பட்டுப்புடவைத் தட்டு கொண்டுவந்ததும் அவர்தான்.

பரீட்சை முடிந்ததும் நிச்சயதார்த்தம் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். எனக்கு டிகிரி படிக்க வேண்டும். அதைச் சொன்னால், கல்யாணத்துக்கு அப்புறம் படி, மாமன் என்ன வேண்டாம் என்றா சொல்லப்போகிறான் என்று என் வாயை அடைத்துவிடுவாள். ஒரு காலத்தில் மாமா வந்தால் அவர் தோளை விட்டு இறங்காதவள் நான். நிச்சயப் பேச்சு எடுத்ததிலிருந்து அவர் இருக்கிற பக்கமே போவதில்லை.

அன்று மதியம் வழக்கம்போலக் கோழிக்கறி வாங்கிக்கொண்டு மாமா வந்தார். காய்ந்த துணிகளை எடுத்து வர அம்மா அவரை மாடிக்கு அனுப்பியிருந்தாள். என் கையிலிருந்த அட்டையைப் பார்த்து, நாய்க் கதையா என்று கேட்டார். அவர் படித்தது கன்னட மீடியம். இங்கிலீஷ் புத்தகத்தில் அட்டைக்கு மேல் போகமாட்டார். வேறு நாளாக இருந்தால் சும்மா தலையாட்டிவிட்டு இறங்கியிருப்பேன். அன்று எனக்கு ஆத்திரம் தலைக்கேறியிருந்தது. குழந்தையைக் கொண்டுவந்து வைத்தது, குட்டி ஊளையிட்டது, அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்காதது, ஒன்று விடாமல் சொன்னேன். அவருக்கு உறைக்க வேண்டும் என்றே சொன்னேன்.

அவர் கொடியிலிருந்து எடுத்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மஞ்சள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குட்டி சந்தோஷத்துலதான் கத்துச்சுன்னு அவங்களுக்கு யாரு சொன்னாங்க?"

எத்தனை பந்தியில் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். அந்த ஒன்பது வயதுப் பையன் எதற்கு அழுதான் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை. எல்லோரையும் போல நானும் அதை வெட்கம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு மேலே படிக்க ஆசையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் துணிகளோடு கீழே இறங்கினார். நான் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். சமையலறை வாசலில் நின்று, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நேராகவே சொன்னார். அம்மா முதலில் சிரித்தாள். வேறு எவளையாவது பார்த்து வைத்திருக்கிறாயா என்று கேட்டாள்.

"யாரும் இல்லக்கா. ஒம்போது வயசுல இவள என் மடில குடுத்தீங்க. அன்னிலேர்ந்து தூக்கித் தூக்கித்தான் பழக்கம். எனக்கு இவ கொழந்தக்கா. வேற மாதிரி பாக்க வரல."

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். உலை பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவள் குனிந்து அதைக் குறைக்கக்கூட இல்லை. தம்பியின் முகத்தை அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பவள் மாதிரி பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வந்த யாரும் சாப்பிடாமல் போனதில்லை. மாமா கொஞ்ச நேரம் காத்திருந்தார். அம்மா கூப்பிடவில்லை. அவர் துணிகளைக் கட்டில் மேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். நானும் கூடவே ஓடினேன். அம்மா என்னையும் தடுக்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் அவர் முகம் வெளுத்திருந்தது. கடைசியில் அந்தக் குட்டிக்கு என்ன ஆகிறது என்று கேட்டார். இன்னும் படிக்கவில்லை என்றேன். படித்துவிட்டுச் சொல் என்றார்.

நான் சின்ன வயதில் பிடித்துக்கொள்வது போல அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்றேன்.