ஆடி, மார்கழி ஒலிபரப்பு

உபகாரசாமி இசைத்தட்டின் தூசியைச் சட்டைக்கையால் துடைத்தபடியே தொண்டையைச் செருமுவார். பிறகு ஒலிவாங்கியை விரலால் தட்டிப் பார்ப்பார். "வணக்கம். கண்டனூர் மேல்மாடி நிலையம். அடுத்து வருவது ஓர் ஆங்கில ராக் பாடல். இதில் ஓர் இளைஞர் தம் காதலியிடம் ஏதோ கேட்கிறார். அவர் தரவில்லை என்று தெரிகிறது." அப்புறம் முள் இறங்கும், கிடார் அலறும், அவர் கண்களை மூடி, சற்றுமுன் தாம் பேசியதை மனத்துக்குள் மறுபடி கேட்டுக்கொள்வார்.

தொழில் முறையில் அவருக்குக் காரைக்குடியில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை இருந்தது. குடியிருப்பு கண்டனூர். முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடுகளுக்குச் சீரியல் விளக்கும் மைக் செட்டும் போடுவார். அந்த வகையில்தான் ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடு ஒன்றின் சாவி அவர் கைக்கு வந்தது. வீடு கல்யாணத்துக்குத் திறக்கப்பட்டு, கல்யாணம் முடிந்ததும் பூட்டப்படுவது. பங்காளிகள் மதுரையிலும் சென்னையிலும் பினாங்கிலும் இருந்தார்கள். வயரிங்கை எலி கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார்கள். அவரும் பார்த்துக்கொண்டார், கூடவே ஒரு வானொலி நிலையத்தையும் தொடங்கினார்.

பழைய ராணுவச் சாமான்களிலிருந்து பொறுக்கிய வால்வுகளைக் கொண்டு ஒலிபரப்புக் கருவியைத் தாமே கட்டினார். ஏரியலுக்கு அவர் அலையவில்லை. வீட்டின் நடுமுற்றத்துக்கு மேலே, காக்கையும் குரங்கும் இறங்காதபடி முன்னோர் ஒரு கம்பி வலை விரித்திருந்தார்கள். அதில் ஒரு கம்பியை முறுக்கிவிட்டதும் நிலையம் பிறந்தது. ஊரணியைத் தாண்டினால் வெறும் இரைச்சல்தான் கேட்கும். அதற்கென்ன, பெரிய நிலையங்களுக்கும் எல்லை உண்டு என்பது அவர் கட்சி.

இந்நிலையத்தின் வரலாற்றை முறையாக எழுத முற்படுவோர் ஆண்டுக்கணக்கை விட்டுவிட்டுப் பஞ்சாங்கத்தைக் கையில் எடுப்பது நலம். 1967ஆம் ஆண்டு ஆடியில் ஒலிபரப்புத் தொடங்கியது. ஆவணியில் ஒரு கல்யாணம் வரவே ஒலிபரப்பு நின்றது. மார்கழியில் மீண்டும் தொடங்கித் தையில் நின்றது. மற்ற நாடுகளில் வானொலி நிலையங்களைப் போரும் புரட்சியும் மூடும். இதை மூடியது நல்ல நேரம். ஊரார் சுபகாரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிய மாதங்களில் ராக் இசை தழைத்தது.

ஏன் ராக்? ஒரு கல்யாணத்துக்குப் பினாங்கிலிருந்து வந்த மாப்பிள்ளைத் தோழர்கள் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளை மறந்துவிட்டுப் போனது ஒரு காரணம். மற்றொன்றை உபகாரசாமியே சொல்வார்: "தமிழ்ப் பாட்டுன்னா சனம் பாட்டத்தேன் கேக்கும். இது ஒரு எழவும் புரியாதுல்ல? அப்ப நாம சொல்றதக் கேட்டுத்தான ஆகணும்?" அறிவிப்பாளர் வேலைக்கான குரல் தேர்வில் இளமையில் தோற்றவர் அவர். அன்றிலிருந்து, தம் குரலை யாராவது ஒருவர் காதுகொடுத்துக் கேட்டார் என்று தெரிந்துகொள்வதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

கேட்பவர் எவரும் தென்படவில்லை. மனைவி பவுலின் ஒருமுறை கேட்டார். கேட்டுவிட்டுக் கேள்வியும் கேட்டார்.

"தெருவே பூட்டிக் கெடக்கு. யாருக்கு வணக்கம் சொல்றீக? வவ்வாலுக்கா?"

"போஸ்டாபீசுல ரேடியோவுக்கு லைசென்சு எடுத்தவுக இந்த ஊருல இல்லையாக்கும்?"

"அவுககிட்ட இருக்கு. உங்ககிட்ட இருக்கா?"

"கேக்குறதுக்கு லைசென்சு குடுப்பான். பேசுறதுக்கு எவன் குடுப்பான்?"

இத்தகைய சட்டவிரோத நிறுவனம் ஏழாண்டு உயிர்வாழ்ந்ததற்கு அதிகாரிகளின் அசட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை. பங்காளிகளின் பண்பாடே காரணம். கல்யாணத்துக்கு முன் கருவியை அப்புறப்படுத்தும் உபகாரசாமி, கம்பியை அப்படியே விட்டுவிடுவார். அதை ஐவரும் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் அது மற்றொரு பங்காளியின் ஏற்பாடு என்று எண்ணினார்கள். கேட்டுத் தெளியலாம், ஆனால் கேட்டால் பேசினதாகிவிடும். பொது அடுப்படியைப் பற்றி முன்பு மூண்ட ஒரு தகராறுக்குப் பின் அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

1974 ஆடியில் உபகாரசாமியின் பஞ்சாங்க அறிவு காலை வாரியது. கல்யாண மாதங்களை அவர் கரைத்துக் குடித்திருந்தார். முன்னோர்க்குப் படையலிடப் பங்காளிகள் அனைவரும் ஒன்றுகூடும் படைப்பு என ஒன்று உண்டென்பதும், அது அந்த வீட்டாருக்கு ஆடியிலும் வரக்கூடும் என்பதும் மாதா கோவிலுக்குப் போகிறவருக்கு எப்படித் தெரியும்? மேலே டிரம் ஓசை உச்சத்தில் இருந்தபோது கீழே முகப்புக் கதவு திறந்தது. பித்தளை அண்டாக்களோடு ஐந்து வீட்டாரும் உள்ளே வந்தார்கள்.

"என்னய்யா அது, மேல தகரத்தப் போட்டு இழுக்குறாகளா?" என்றார் பங்காளிகளில் ஒருவரான முத்தையா செட்டியார்.

உபகாரசாமி படியிறங்கி வந்தார். "நாந்தேன் ஐயா. சும்மா, சின்னதா ஒரு ஸ்டேசன்."

"ஸ்டேசனா? யாரு சொல்லி வச்ச?"

பங்காளி சிதம்பரம் செட்டியார், முத்தையாவிடம் பேசக்கூடாதென்பதால் அருகிலிருந்த தூணிடம் சொன்னார்: "அவுக பங்குப் பக்கந்தான கம்பி கட்டியிருக்கு? அவுகளுக்குத் தெரியாதாக்கும்."

முத்தையா செட்டியாரும் அதே தூணுக்கு விடையளித்தார்: "நல்லாருக்கே! அவுக வீட்டு ரேடியோப் பைத்தியம்னுல்ல நான் இத்தன வருசமாப் பேசாம இருந்தேன்!"

பர்மாத் தேக்கினாலான அத்தூண் இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டது. மற்ற மூவரும் அவ்வாறே நினைத்திருந்தது தெரிந்ததும் முத்தையா செட்டியார் தீர்ப்பு வழங்கினார்: "அவுத்து எறி. லைசென்சு இல்லாத ஸ்டேசனு, ஜெயிலுக்கு நீ போவ, சேதியில எங்க வீட்டுப் பேரு வரும்."

"பொறு முத்தையா" என்று ஒரு குரல் தடுத்தது. பங்காளிகளில் மூத்த வீட்டைச் சேர்ந்த வள்ளிக்கண்ணு ஆச்சி அது. பங்காளிகள் வெளியூரில் இருக்க, அடுத்த தெருவிலேயே தனி வீட்டில் நிரந்தரமாக வசிப்பவர். "ஏப்பா உபகாரம், மத்தியானம் எங்க ரேடியோவுல கத்துறது நீதானா?"

உபகாரசாமி ஓரடி முன்னே வந்தார். "கேப்பீகளா ஆச்சி?"

"கேக்காம? கொழும்பு ஸ்டேசனத் திருப்பினா இதுல்ல குறுக்க விழுகுது. பூனைய அம்மிக்கடியில வச்ச மாதிரி. முதல்ல எரிச்சலாத்தேன் இருந்துச்சு. இப்ப அது கேக்கலன்னா எனக்குக் கண்ணு சொருக மாட்டேங்குது. தையில நீ நிப்பாட்டிட்டா நான் முழிச்சுக்கிட்டே கெடக்கேன்."

"அப்ப இருக்கட்டுங்களா ஆச்சி?"

"இருக்கட்டும். ஆனா நடுவுல நடுவுல நீ பேசுறியே, அது வேணாம். அசர்ற நேரம் பாத்து 'வணக்கம்'ங்கிற. தூக்கிவாரிப் போடுது. வாயப் பொத்திக்கிட்டுப் பாட்ட மட்டும் போடு. இல்லையா, முத்தையா சொன்னபடி அவுத்துரு."

மூத்த வீட்டு ஆச்சி சொன்னபின் மறுப்பேது? பங்காளிகள் அண்டாக்களை இறக்கினார்கள். நிலையத்துக்கு முதல்முறையாக ஒருவர் அனுமதி அளித்துவிட்டார், அறிவிப்பாளரைத்தான் நீக்கியிருந்தார். ஏழாண்டுக் காலம் ஒரு சொல் விடாமல் கேட்ட நேயர் ஒருவர் கிடைத்தும்விட்டார். "சரிங்க ஆச்சி" என்றார் உபகாரசாமி. மாடியில் தட்டு முடிந்து முள் கரகரத்துக்கொண்டிருந்தது.

படைப்பு முடிந்து பங்காளிகள் ஊர் திரும்பிய மறுநாள், ஆச்சி உண்டுவிட்டுப் பாய் விரித்திருக்கும் வேளையில், உபகாரசாமி புதிய தட்டு ஒன்றைச் சுழலவிட்டு முள்ளைக் கையில் பிடித்தபடி நின்றார். முள் இறங்கவில்லை, தாங்கிக்கே திரும்பியது. தோள்துண்டை எடுத்து நான்காக மடித்து ஒலிவாங்கியின்மேல் போர்த்தினார். இரு கைகளாலும் அதைச் சுற்றி அணைகட்டி, உதடுகள் துணியில் படுமளவு குனிந்து, தொட்டிலருகே பேசுவது போன்ற குரலில், மெல்ல, மிக மெல்ல, "வணக்கம்" என்றார்.