நாலாவது சிலிண்டரின் மூச்சு

அத்தான், அதாவது என் அக்காவின் புருசன், மன்னாரில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியவர். இப்போது இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் ஒரு வீட்டில் சமைக்கிறார், தரை துடைக்கிறார், சட்டைக்கு அயர்ன் போடுகிறார். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஐயா என்கிற மாதிரி நாங்கள் அவரைச் சிஞ்ஞோரே என்போம். நாற்பது வருடம் பல்லுக்குள் மெசின் ஓட்டியதில் அவருடைய காது பாதி போய்விட்டது. அந்தப் பாதிக் காதோடு, நகரத்துக்கு வெளியே எலுமிச்சைத் தோட்டத்துக்குள் ஒரு தகரக் கொட்டகையில், தன் கையாலேயே ஒரு விமானம் கட்டினார். விளையாட்டுச் சாமான் இல்லை. இரண்டு பேர் ஏறிப் பறக்கிற மர விமானம்.

நான் அதே நகரத்தில் பொலிதேயாமா பக்கம் அலுவலகப் படிக்கட்டு கழுவுகிறவன். பள்ளிக்கூடமும் நானும் எட்டாம் வகுப்போடு ஒருவரையொருவர் மன்னித்துவிட்டோம். சனிக்கிழமைகளில் அத்தானோடு கொட்டகைக்குப் போவேன். உதவி செய்ய என்று சொல்வேன். போனது அவரைச் சீண்டத்தான். சிஞ்ஞோரே இத்தாலியத்தில் கதைத்ததை இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன். என் தலைக்குள் அவர் எப்போதும் மன்னார்க்காரர் மாதிரித்தான் கதைப்பார்.

விமானத்தின் உடம்பு புதிது, எஞ்சின் பழையது. கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பட்டறையில் பிரித்துப் புதுப்பித்ததாகச் சொல்லி, சாம்பல் நிறப் பெயின்ற் பூசி, மரப்பெட்டியில் அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்க்க வந்த மெக்கானிக் ஒருவன், "இது திருத்தின எஞ்சின் இல்லை, பெயின்ற் அடிச்ச எஞ்சின்," என்றான். சிஞ்ஞோரே அவனுக்கு வாசலைக் காட்டினார். அத்தான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை வேலை இதுதான். விமானத்தின் வாலை மரத்தோடு கயிற்றால் கட்டி, எஞ்சினை இருபது நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவோம். பிறகு மூக்கில் இருக்கிற விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். நாலு சிலிண்டரும் ஒவ்வொன்றாகக் கையை எதிர்த்துத் தள்ளும். அந்த அமுக்கம் சரியாக இருந்தால்தான் எஞ்சின் சரி. சிஞ்ஞோரேக்குத் தோள்மூட்டு வருத்தம், அதனால் சுற்றுவது அத்தான். "அமுக்கம் எப்படி?" என்று கேட்பார். "வா பேனே," என்பார் அத்தான். நல்லாயிருக்கு என்று அர்த்தம். ஒன்பது வருடமாக அந்த வீட்டில் சூப்புக்கும் அதே பதில், காய்ச்சலுக்கும் அதே பதில்.

ஒருநாள் நான் சுற்றினேன். முதலாவது தள்ளியது, இரண்டாவது தள்ளியது, மூன்றாவதும் தள்ளியது. நாலாவதில், படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து அங்கே படி இல்லாமல் போனது போல, கை வெறுமனே போனது. புகைக்குழாயிலிருந்து ஒரு மூச்சு வந்தது. டயரில் காற்றுப் போகிற சத்தம் வேறு. இது யாரோ அயர்ந்து படுத்திருந்து விடுகிற நீள மூச்சு.

"அத்தான், உள்ளுக்கை ஆரோ படுத்திருக்கினம்."

"வால்வு மூடேல்லை. சூடு ஏறினால் இறுகி நிக்குது. ஆறினாப் பிறகு பார், ஒண்டும் இராது."

"சிஞ்ஞோரேட்டைச் சொன்னனீங்களோ?"

"வா பேனே எண்டு சொன்னனான்."

"அப்ப இதுக்கு மாமி எண்டு பேர் வைப்பம். ஒரே பெருமூச்சு."

"என்ரை மாமி உன்ரை அம்மாதானேடா."

"அதுதானே சொல்லுறன்."

அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னது போலவே, ஆறிய எஞ்சின் நல்ல பிள்ளையாக நாலு முறையும் தள்ளியது. பறக்க அனுமதி கொடுக்க முன் பரிசோதிக்க வந்தவரும் காலையில், குளிர்ந்த எஞ்சினைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனார்.

பகிடிக்காக நான் அக்காவின் நகப்பூச்சை எடுத்துப்போய் விசிறியின் ஒரு கையில் சிவப்புப் பொட்டு வைத்தேன். அதற்குப் பிறகுதான் கவனித்தேன். எஞ்சின் சூடாகி நிற்கும்போதெல்லாம் பொட்டு வைத்த கைதான் இடப்பக்கம் வந்து நின்றது. அங்கேதான் சிஞ்ஞோரே தன் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். தொடங்குமுன் நான் விசிறியை வேறு வேறு பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தேன். நின்றபோது அதே கை, அதே கதிரை. ஆறு சனிக்கிழமை.

"ஓட்டைச் சிலிண்டரைச் சுகமாத் தாண்டுது, அடுத்ததிலை முட்டி நிக்குது. அவ்வளவுதான்," என்றார் அத்தான்.

தலை ஏற்றுக்கொண்டது. பிடரி மயிர் ஏற்றுக்கொள்ளவில்லை. இன்னொரு நாள் பத்தடி தள்ளியிருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒருவரும் தொடாமல் விசிறி ஒரு சாண் பின்னால் நகர்ந்து நின்றது. "உள்ளுக்கை இறுகியிருந்த காத்து தள்ளினது," என்றார் அத்தான். ஆனால் மிச்சப் பாணை அவர் சாப்பிடவில்லை.

"அத்தான், உண்மையாச் சொல்லுங்கோ. மேலை போய் இப்பிடி நடந்தால்?"

"எஞ்சின் பலம் இல்லாமல் விழுத்தும்."

"அப்ப சொல்லுங்கோவன்."

"இஞ்சை இருக்கிறதுக்கான என்ரை பெர்மெஸ்ஸோவை இந்த மாசம் புதுப்பிக்க வேணும். வேலைக் கடுதாசியிலை அவரின்ரை கையெழுத்து வேணும். அந்த மெக்கானிக்குக்கு வாசல் காட்டினதை நீ மறந்திட்டியோ?"

"அவர் விழுந்தால் ஆரிட்டைக் கையெழுத்து வாங்குவியள்?"

"அவர் பறக்கமாட்டாரடா. எப்பவும் வாற கிழமை, வாற கிழமை எண்டுதானே சொல்லுறவர்."

அடுத்த சனிக்கிழமை சிஞ்ஞோரே வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். "இண்டைக்கு," என்றார்.

தெற்கிலிருந்து ஷிரோக்கோ காற்று முதல்நாளே வந்து மணலைக் கொட்டிவிட்டு அடங்கியிருந்தது. வானம் மஞ்சளாக இருந்தது. சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, எங்களுக்கு நிழலும் இல்லை. தோட்டத்தில் ஒரு குருவிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. இருபது நிமிடம் எஞ்சின் ஓடியது. நிறுத்தியதும் பொட்டு இடப்பக்கம் வந்தது. கதிரை காலியாக இருந்தது. அவர் விமானத்துக்குள் இருந்தார்.

அத்தான் விசிறியைச் சுற்றினார். நாலாவது மூச்சு வந்தது. உள்ளேயிருந்து குரல் கேட்டது: "அமுக்கம்?"

"வா பேனே," என்றார் அத்தான்.

ஆனால் விசிறியிலிருந்து கையை எடுக்கவில்லை. "தள்ளி நில்," என்றார் சிஞ்ஞோரே. "வா பேனே," என்று சொல்லிக்கொண்டு அத்தான் அங்கேயே நின்றார். வியர்வை நாடியிலிருந்து சொட்டியது. அந்த மனிசனின் வாய்க்கு இல்லை என்ற சொல் வராது, காலும் நகரவில்லை.

நான் போய் விமானத்தின் ஓரத்தைத் தட்டினேன். "சிஞ்ஞோரே, உள்ளுக்கை ஒரு ஆள் உங்களைக் கூப்பிடுது."

என் பகிடி அவருக்குப் பழக்கம். "பேயோ?"

"உங்களிட்டைப் பல்லுப் பிடுங்கின ஆளாக்கும். இன்னும் முனகுது. இறங்கி வந்து ஒருக்காக் கேளுங்கோ."

சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டு இறங்கினார். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையை நாலாவது சிலிண்டரின் புகைக்குழாய் வாயருகே பிடிக்கும்படி அத்தானிடம் கொடுத்தேன். மறுமுனையை அவருடைய நல்ல காதில் வைத்தேன். மெதுவாகச் சுற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது மூச்சு விட்டது.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதை அவர் மறந்துவிட்டார். "திரும்ப," என்றார். ஐந்து முறை கேட்டார். கண்ணை மூடியிருந்தார். தெரிந்த யாருடையதோ குரலை யாரென்று யோசிக்கிறவர் மாதிரி இருந்தது. பிறகு என்னை விட்டுவிட்டு அத்தானிடம் கேட்டார்.

"எப்ப தொடக்கம் இது உனக்குத் தெரியும்?"

"முதல் நாள் தொடக்கம்."

"அப்ப நீ வா பேனே எண்டு சொன்னதெல்லாம்?"

அத்தான் குனிந்து குழாயைச் சுருட்டினார். அன்று விமானம் வெளிக்கிடவில்லை.

அடுத்த கிழமை எஞ்சினைப் பிரித்தோம். பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு அவரே பார்த்தார். மூன்று சிலிண்டரில் புது வால்வு. நாலாவதில் பழையதையே துடைத்துப் போட்டிருந்தார்கள். தண்டில் கரி பிடித்து, விளிம்பும் எரிந்து கடித்த மாதிரி இருந்தது. "சூத்தைப் பல்லு," என்றார். வேலைக் கடுதாசியில் அன்றே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அக்கா தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தினாள்.

அத்தானுக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் பின்னேரம் அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்து சொன்னார்.

"அவர் இப்ப என்னட்டை ஒண்டும் கேக்கிறேல்லை. தானே வந்து காது வைச்சுப் பாக்கிறார். காஸ் அடுப்பிலை வைக்கிறார். பிரிட்ஜிலை வைக்கிறார். அவரின்ரை மனிசி சிஞ்ஞோரா மத்தியானம் படுத்திருக்கேக்கை அவவின்ரை நெஞ்சிலை காதை வைச்சுக்கொண்டு கனநேரம் நிக்கிறார்."

"உங்கடை நெஞ்சிலை வைக்கேல்லையோ?" என்றேன். அக்கா சிரித்தாள்.

"இண்டைக்கு வைச்சவர்," என்றார் அத்தான். "கோப்பி கொண்டுபோனன். கோப்பையை வாங்கேல்லை. கிட்ட வந்து குனிஞ்சு காதை வைச்சார். நான் தட்டத்தோடை ஆடாமல் நிண்டன்."

"என்ன சொன்னவர்?"

"திரும்ப மூச்சு விடு எண்டவர்."