அப்பா செய்த நடைவண்டி

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டாகிறது. மூத்த மகளாகிய நான், அப்பாவைப் பற்றி நம் உறவினரும் நண்பர்களும் அறிந்ததோடு, வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒன்றையும் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது ஆரணிக்குப் பக்கத்துக் கிராமத்தில். தாத்தாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. பிறர் கழனியில் கூலி வேலை. அப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கும்மிடிப்பூண்டிக்கு வந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டார். பிறகு அங்கேயே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். பல வருடம் காண்ட்ராக்ட்; அதன் பின்னரே நிரந்தரம். அதிகம் பேசமாட்டார். லீவு போடமாட்டார்.

என் தங்கைக்குப் பிறவியிலேயே இரண்டு கால்களிலும் பலம் குறைவு. நான்கு வயதாகியும் அவள் நிற்கவில்லை. சென்னையில் பார்த்த டாக்டர், பிடித்துக்கொண்டு நடக்கப் பழக்கினால் நடக்கலாம், பழக்காவிட்டால் இப்படியே இருந்துவிடும் என்றார். கடையில் விற்ற மர நடைவண்டி அவள் உயரத்துக்குச் சின்னது. அப்பா தானே செய்வதென்று முடிவு செய்தார்.

பழைய இரும்புக் கடையில் மெல்லிய பைப் வாங்கினார். உடன் வேலை செய்த ஃபிட்டர் மாமா, கம்பெனியில் கழித்துப்போட்ட தள்ளுவண்டியின் பேரிங்குகளை, சக்கரமாக வைக்க, சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கித் தந்தார். வார லீவில், தொழில் கற்ற பட்டறையிலேயே அப்பா அதைப் பற்றவைத்தார்.

அந்த வண்டி ஒரு நாள்கூட ஓடவில்லை. தங்கை பிடித்து நின்றதும் சக்கரம் முன்னே ஓடிவிட்டது. அவள் முகம் குப்புற விழுந்தாள். உதடு கிழிந்தது, ஒரு பல் போனது. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. “இன்னொரு வாட்டி எம்பொண்ண இதுல நிக்க வெச்சினா, நான் புள்ளைங்கள இட்டுனு எங்கம்மா ஊட்டுக்குப் பூடுவேன்.”

அப்பா வண்டியைப் பட்டறைக்கே எடுத்துப் போனார். அதன் பிறகு பல நாட்கள் வீட்டில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாடு மட்டும் தட்டில் இருக்கும்.

திரும்பி வந்த வண்டி வேறாக இருந்தது. கனமான பைப், அடியில் ஒரு இரும்புத் தகடு. முன்னால் மட்டும் சக்கரம். பின்னங்கால்களில் லாரி டயரிலிருந்து வெட்டிய ரப்பர். பின்பக்கத்தை லேசாகத் தூக்கித் தள்ளினால்தான் நகரும், சாய்ந்தால் நின்றுவிடும். அப்பா அம்மாவின் முன்னால் தன் முழு எடையையும் அதன்மேல் போட்டுச் சாய்ந்து காட்டினார். வண்டி அசையவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கையை அவரே கொண்டுவந்து நிறுத்தினார். “நீ வுடு. நான் புடிச்சிக்கிறேன்” என்றார்.

வாசலிலிருந்து தெருக் குழாய் வரைதான் பழக்கம். பாதி வழியில் அழுவாள். அம்மா தூக்கி வருவார். மழைக்காலம் முடிந்து ஒரு காலையில், யாரும் கவனிக்காதபோது வண்டியோடு தனியாகவே குழாயடிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து அவள் குரல் கேட்டது. “எம்மா, தண்ணி வந்துச்சி. கொடம் எத்துனு வா.”

அம்மா குடம் எடுக்காமலே ஓடினார். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த அப்பா, வாசலில் நின்று பார்த்தார். அன்று இரவு வேலைக்குப் போகவில்லை.

தங்கை வளர வளர, அப்பா வண்டியின் காலில் பைப் துண்டு சேர்த்து உயரம் கூட்டினார். அந்த வெல்டிங் தழும்புகளை விரலால் தடவிப் பார்ப்போம். எந்தத் தழும்பு எந்த வகுப்பில் வந்தது என்று அம்மாவுக்குத் தெரியும். தங்கை கைத்தடிக்கு மாறியதும், சேர்த்த துண்டுகளை அப்பா அறுத்தெடுத்து, வண்டியை வேறொரு குழந்தைக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகும் சிலர் வாங்கிப் போனார்கள். இப்போது ஆரணியில் ஒரு வீட்டில் இருக்கிறது. தங்கை வேப்பம்பட்டில் குடியிருந்து, தினமும் ரயிலேறித் திருவள்ளூரில் ஒரு அலுவலகத்துக்குப் போய் வருகிறாள்.

ஓய்வு பெற்ற பின் அப்பாவுக்கு நுரையீரல் கெட்டது. கடைசி வாரங்களில் மூச்சுக்கு நடுவில்தான் பேச்சு. ஒருநாள் தங்கையிடம் கேட்டார். “ஆரணில அந்தப் புள்ள நடக்குதா?” நடக்கிறது என்றாள். “ரப்பர் தேஞ்சிருக்கும். மாத்தச் சொல்லு” என்றார். அதற்குப் பிறகு அவர் தெளிவாகப் பேசவில்லை.

இறுதி ஊர்வலத்தில் பெண்கள் தெருமுனையோடு நிற்பது எங்கள் வழக்கம். தங்கை நிற்கவில்லை. பெரிய மாமா அவளை உடன் வந்த வேனில் ஏறச் சொன்னார். “நான் நடந்தே வரேன் மாமா” என்றாள். பெரியவர்கள் தயங்கினார்கள். அம்மாதான், “வுடுங்க, வரட்டும்” என்றார். சுடுகாடு வரை அவள் நடந்தாள்.

மருத்துவமனையில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், காரியம் முடியும் வரை எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத குறை தெரியாமல் சோறு கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும், தோள் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும், குறிப்பாக ஃபிட்டர் மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒருவர் இருக்கிறார். அன்று அமரர் ஊர்தியை ஓட்டிய தம்பியின் பெயரை நாங்கள் கேட்டு வைக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பஸ் நின்றது, லாரிகள் நின்றன. யாரும் சொல்லாமலே அவர் கண்ணாடியில் என் தங்கையைப் பார்த்துப் பார்த்து, வண்டியை அவள் நடைக்கு ஓட்டினார். இந்த மலர் அவர் கைக்குப் போய்ச் சேருமா தெரியாது. அவருக்கும் எங்கள் நன்றி.