ஆம்பூரில் எழுதப் பழகிய வருஷங்கள்

ஆம்பூருக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, வேலூரில் டீச்சர் டிரெயினிங் முடித்து, அங்கேயே சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, இங்கே மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தேன். கலியாணம் ஆகவில்லை. ஊரில் அண்ணன் இருந்தார். அண்ணி வந்தபிறகு லீவுக்குப் போவதும் குறைந்துபோயிற்று.

தோல் வியாபாரி ஒருவர் வீட்டுப் பின்கட்டில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. அவருக்குச் சென்னைப் பெரியமேட்டில் மண்டி. எப்போதாவதுதான் வருவார். வீட்டில் அவருடைய மனைவியும் காது கேளாத தாயாரும் மட்டும். அதனால்தான் குடிவைக்க ஒரு பெண்ணாகத் தேடினார்களாம். அவர் மனைவியை நான் ஆபா என்று கூப்பிட்டேன். உருதில் அக்கா. என் அறைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு, கதவில் ஒரு திரை. தண்ணீர் வந்ததா, உடம்பு எப்படி என்பதற்கு மேல் வெகுநாள் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

காற்று ஆற்றுப் பக்கமிருந்து அடித்தால் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டையும் ஊறின தோலும் கலந்த வாடை அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது சீக்கிரமே பழகிவிட்டது. பேச ஆளில்லாததுதான் பழகவில்லை.

சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரைசாணி பள்ளிக்கூட அலமாரியில் தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை விட்டுப் போயிருந்தாள். ஆசியாக் கண்டத்துக் கவிகளின் வாழ்க்கையும் எழுத்தும் அதில் இருந்தன. சனிக்கிழமை மத்தியானங்களில் அதைத்தான் படிப்பேன். உத்தியோகத்துக்காகத் தூரதேசம் அனுப்பப்பட்ட ஒரு சீனக் கவியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னைப் போலவே ஒரு மாற்றல்காரர், என்னைப் போலவே தனி ஆள். நானும் எழுதவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர்களைப் போல வாழ்ந்தால் அவர்களைப் போல எழுத்து வரும் என்று நம்பினேன். அந்தச் சீனக் கவி சாயங்காலந்தோறும் ஆற்றங்கரையில் நடப்பாராம். நானும் பாலாற்று மணலில் நடந்தேன். தண்ணீர் இல்லாத ஆறு. ஒரு வாரத்தில் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, கலியாணமாகாத பெண் பொழுதுசாய ஆற்றுப் பக்கம் போவதை ஊர் பேசுகிறது என்றார். நடையை நிறுத்தினேன். பாரசீகக் கவி ஒருவர் தோட்டத்தில் சிநேகிதர்களோடு உட்கார்ந்துதான் பாட்டுக் கட்டுவாராம். எனக்குத் தோட்டமும் இல்லை, சிநேகிதரும் இல்லை. கண்ணால் பாராத பனியையும், பெயர் மட்டும் தெரிந்த பூக்களையும் வைத்து நிறைய எழுதிக் கிழித்துப்போட்டேன்.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு ஜப்பான்காரி வந்தாள். அவள் பெயர்கூட யாருக்கும் தெரியாதாம். இன்னாருடைய மகள் என்று மட்டுமே குறித்திருந்தது. வெளியே போகாமல், தட்டிக்குப் பின்னால் இருந்தபடியே, வராத ஒருவனுக்காகக் காத்திருந்ததை எழுதியிருக்கிறாள். படித்து முடித்ததும் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. கதவைத் தட்டி ஆபாவைக் கூப்பிட்டேன். அவர் திரையை விலக்கி வாசற்படியில் உட்கார்ந்து கேட்டார்.

"அந்தப் பொம்பள யாருக்கோசரம் எழுதினா?" என்று கேட்டார்.

புத்தகத்தில் அது போடவில்லை என்றேன். ஆபா, "பாவம், ஜாஸ்தி தனியா இருந்திருப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதற்குப்பிறகு சனிக்கிழமைகளில் அவர் தானாகவே வந்து உட்கார ஆரம்பித்தார். நான் படித்ததைத் தமிழில் சொல்வேன். அவர் சின்ன வயதில் தகப்பனாரிடம் கேட்ட உருது அடிகளைச் சொல்லி அர்த்தமும் சொல்வார்.

அந்த வருஷம் பெருநாளுக்கு வருவதாக வியாபாரி சொல்லியனுப்பியிருந்தார். காலையிலிருந்தே சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமும் நெய் மணமுமாக இருந்தது. சாயங்கால ரயில் வந்து போயிற்று. அவர் வரவில்லை. பிறகு பாத்திரங்களை ஒவ்வொன்றாக மூடும் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் நான் அதை எழுதினேன். முதல்தடவையாக என் கண்ணும் காதும் அறிந்த விஷயம். காத்திருந்தவள் சுவரில் சாய்ந்து அழுதாள் என்று முடித்திருந்தேன்.

ஆபாவிடம் படித்துக் காட்ட எனக்குப் பயம். ஆனாலும் அவரிடம் காட்டாமல் வேறு யாரிடமும் காட்டக்கூடாது என்று பட்டது. அவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நான் அழலை டீச்சர்," என்றார். "பிரியாணிய அக்கம்பக்கத்து வீடுங்களுக்கெல்லாம் குடுத்தனுப்பிட்டேன். எனக்குன்னு எதும் வெச்சிக்கல. பசியோடவே படுத்துட்டேன். எழுதறதா இருந்தா அத எழுது."

அழுத வரியை அடித்துவிட்டு அவர் சொன்னபடியே எழுதினேன். சென்னை மாதப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பலாமா என்று கேட்டதற்கு, பெயர் ஊர் எதுவும் இல்லாமல் போடு என்றார். என் பெயரையும் விட்டுவிட்டே அனுப்பினேன்.

அது அச்சாகி வருவதற்குள் வியாபாரி வந்து, மனைவியையும் தாயாரையும் பெரியமேட்டுக்கே அழைத்துப் போய்விட்டார். போகிற அன்று ஆபா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாது. பத்திரிகையை அனுப்பினாலும் அங்கே யார் படித்துக் காட்டியிருப்பார்கள்? நான் அனுப்பவில்லை.

பள்ளிக்கூடத்தில் இரண்டு டீச்சர்கள் அதைப் படித்துவிட்டு, யாரோ சாயபு வீட்டுப் பெண் எழுதியிருக்கிறாள் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எழுதியவள் நானில்லை என்று ஆகிவிட்டது போலவும் இருந்தது. திருத்தவேண்டிய நோட்டுகளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

அன்று அறைக்கு வந்து, ஒரு தாளை எடுத்து 'நான்' என்று எழுதினேன். இன்னொருத்தியின் பசியைச் சொல்ல முடிந்த எனக்கு என் பசியைச் சொல்ல வார்த்தை வரவில்லை. பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு வரி வந்தது. சுமாரான வரிதான். அதை நான் கிழித்துப்போடவில்லை.